ஷிசுருவின் ரத்த வகை

மினாசே ஷிசுரு காலை ஏழு மணிக்கு எழுந்து மாலை ஆறரைக்கு இறந்துபோவாள். இதற்கு நாற்பது நிமிடம் ஆகும். பொத்தானை வேகமாக அழுத்தினால் இருபத்தாறு.

அவள் எங்கள் வீடியோ கேமில் வரும் நிருபர். துப்பறியும் கதை, மொத்தம் மூன்று வழக்குகள். இரண்டாவது வழக்கில் கொல்லப்படுபவள் ஷிசுரு. வயது முப்பத்தொன்று. ஒரு துறைமுக ஊரின் சிறிய நாளிதழில் வேலை.

இந்த மாதிரி விளையாட்டுகளில் கொலையானவரை முதலில் பிணமாகத்தான் பார்ப்போம். அவர் பக்கத்தில் ஒரு தடயம் கிடக்கும், எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஷிசுருவுக்கு மட்டும் எங்கள் கதாசிரியர் ஹதகெயாமா சான் ஒரு முழு நாள் எழுதியிருந்தார். அந்த நாளில் ஆடுபவர்தான் ஷிசுரு. பல் தேய்க்க வேண்டும். அரிசி உருண்டையை நின்றபடி தின்ன வேண்டும். அம்மாவின் தொலைபேசி அடிக்கும்போது நேரமாகிவிட்டது என்று எடுக்காமல் ஓட வேண்டும். மாலையில் நாளிதழின் இருட்டறைக்கு அவளை நாமே நடத்திப் போக வேண்டும். கதவைத் திறப்பதும் நாமே. துப்பறிபவர் அதற்குப் பிறகுதான் வருவார்.

என் வேலை பிழை பார்ப்பது. ஒரே இடத்தை வெவ்வேறு விதமாக ஆடி, எங்கே நின்றுபோகிறது, எங்கே எழுத்து வசனப் பெட்டிக்கு வெளியே போகிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். உயிர்வேதியியல் படித்தேன். நேர்முகத் தேர்வுகளில் என் குரல் மேசைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. சப்போரோவில் பதினோரு பேர் வேலை செய்த இந்த அலுவலகத்தில் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தால் போதும்.

பிழைப் பட்டியலில் ஒவ்வொரு பிழைக்கும் எதிரே பதில் எழுத ஒரு கட்டம் உண்டு. இரண்டே பதில்கள்தான். ஒன்று, 'சரிசெய்தாயிற்று'. இன்னொன்று, 'அப்படித்தான்'. அப்படித்தான் என்றால், அது பிழையில்லை, வேண்டுமென்றே வைத்தது, பேசாமல் போ என்று பொருள்.

என் பக்கத்து நாற்காலி தொதோரோக்கி. எந்நேரமும் ஏதாவது தின்றுகொண்டிருப்பான். பிழை எண் 212 அவன் ஜனவரியில் எழுதியது: 'கொலைகாரன் குசேவின் கையும் அறுபட்டு மேசையில் அவன் ரத்தம் சிந்துகிறது. ஒரு கை தூரத்தில் தண்ணீர்க் குழாய். ஏன் துடைக்கவில்லை?'

எதிரே ஹதகெயாமா சானின் கையெழுத்தில், 'அப்படித்தான்.'

"என்ன அப்படித்தான்?" என்று தொதோரோக்கி தாளை என் முகத்துக்கு முன் ஆட்டினான். "ஒரு ஆளைக் கொன்னுட்டு நிக்கிறான். சொந்த ரத்தம் மேசைல. துடைக்க மாட்டானா? எங்கம்மா நான் சோயா சாஸ் ஒரு சொட்டு விட்டாலே ஓடி வருவாங்க."

"பதட்டத்துல மறந்திருப்பான்" என்றேன்.

"பதட்டத்துலதான் கதவைப் பூட்டி, கைரேகையை அழிச்சு, கடிகாரத்தைத் திருப்பி வெச்சானா? போ நாகுமோ."

அவன் சொன்னது சரி. எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ரத்தம் இல்லையென்றால் வழக்கே இல்லை. கதை மரபணுச் சோதனை வராத காலத்தில் நடக்கிறது. மேசையில் கிடைப்பது இரண்டு ரத்தம். ஏ வகை ஷிசுருவுடையது. பி வகை குசேவுடையது. குசே அந்த நாளிதழின் புகைப்படப் பிரிவுத் தலைவர். ஷிசுரு எடுத்த படச்சுருள்களை ஒரு ஒப்பந்தக்காரனுக்கு விற்றுவந்தவர். அவரைப் பிடித்துக் கொடுப்பது அந்த பி ஒன்றுதான்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, டிசம்பரில், விளையாட்டோடு வரும் கையேட்டுக்கு ஆட்களின் விவரம் கேட்டார்கள். பிறந்த நாள், உயரம், ரத்த வகை, பிடித்த சாப்பாடு, பிடிக்காதது. பெயர் இல்லாத பாத்திரம்கூட வரலாம், ரத்த வகை இல்லாத பாத்திரம் எங்கள் ஊர்க் கையேட்டில் வர முடியாது. ஷிசுருவின் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன.

"ஹதகெயாமா சான்கிட்ட கேட்டு எழுதிரு" என்று டைரக்டர் இனாகாகி சான் தாளை என்னிடம் நீட்டிவிட்டுப் போனாள்.

நான் அப்போது மூன்றாவது வழக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் ஷிசுருவின் கடைசி நாள் மட்டும் ஆடியிருந்தேன், துப்பறியும் பகுதி கைக்கு வரவில்லை. ஹதகெயாமா சான் தட்டிக்குப் பின்னால் காதுகளை மூடிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, அகலமான முதுகு. நான் அந்த முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் தட்டச்சு செய்தார். கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ரத்த வகைக் கட்டத்தில் 'பி' என்று எழுதினேன்.

நான் பி. பி வகைக்காரர்கள் தன்னிஷ்டம், கூட்டத்தோடு சேர மாட்டார்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். மதியம் தனியாகச் சாப்பிட்டால் தொதோரோக்கி, "பாத்தியா, பி" என்பான். எல்லா விளையாட்டுகளிலும் திருடன் பி, துரோகி பி. ஷிசுருவும் தனியாகத்தான் சாப்பிடுவாள். யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். ஆனால் நல்லவள். ஒரே ஒரு நல்ல பி இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி முதல் புதன்கிழமை அச்சான கையேடு மாதிரிக்கு ஒன்று வந்தது. தொதோரோக்கி கோப்பை நூடுல்ஸை வைத்துக்கொண்டு புரட்டினான். மெல்லுவது நின்றது.

"நாகுமோ."

"ம்?"

"ஷிசுரு 'பி'ன்னு போட்டிருக்கு."

நான் அதற்குள் இரண்டாவது வழக்கை நூறு தடவைக்கு மேல் முடித்திருந்தேன். டிசம்பரில் எழுதிய அந்த ஒரு எழுத்தையும் மேசையில் கிடக்கும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் எல்லோரும் அறையைச் சூடாக்கும் அடுப்பைச் சுற்றி நின்றோம். இனாகாகி சான் கையேட்டைச் சுருட்டித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இருபதாயிரம் பிரதி. எல்லாம் பெட்டி போடற இடத்துக்குப் போயாச்சு. திங்கக்கிழமை மூடறாங்க. யாரு எழுதினது இதை?"

கையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டாதது இன்னும் மோசமாக இருந்தது.

"கதையில 'ஏ'வை மாத்தி 'பி'ன்னு போட்டா?" என்றான் தொதோரோக்கி.

"அப்போ மேசைல இருக்கிற ரெண்டுமே பி. குசேவை எதை வெச்சுப் பிடிப்ப? உன் மூஞ்சியை வெச்சா?"

"குசேவை 'ஏ'ன்னு மாத்திட்டா?"

"டாக்டரோட வசனம் குரல் பதிவு பண்ணியாச்சுடா. 'செத்தவங்களோடது ஏ, இன்னொண்ணு பி.' டோக்கியோல போய் மறுபடி பதிவு பண்ண நேரமில்ல. படமும் மாத்த முடியாது. எழுத்து மட்டும்தான் மாத்தலாம், அதுவும் வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும்." அவள் கையேட்டை விரித்து மறுபடி சுருட்டினாள். "வெளியீட்டாளர்கிட்ட பேசினேன். ரெண்டாவது வழக்கை எடுத்துடச் சொல்றாங்க. மூணாவதோட தொடக்கத்துல ஒரு வரி. 'போன மாசம் ஒரு நிருபர் கொலை செய்யப்பட்டார்.' தேதிக்கு வந்துரும்."

ஹதகெயாமா சான் அடுப்பின் மேலிருந்த கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனாகாகி சான்" என்றார் பிறகு. "வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா என்ன பண்ணுவீங்க?"

"தெரியல."

அவர் தட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

மறுநாள் காலை வாசலில் பனி அள்ளும் முறை எனக்கும் ஹதகெயாமா சானுக்கும். வேலை அட்டவணை அப்படி அமைந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்கு விழுந்திருந்தது. நான் படியிலிருந்து தெருப்பக்கம், அவர் தெருவிலிருந்து படிப்பக்கம். குனிந்து அள்ளும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் முடிந்தது.

"மன்னிச்சிருங்க" என்றேன் பனியிடம். "அன்னிக்கு உங்க பின்னாடி வந்து நின்னேன். கேக்காமப் போயிட்டேன்."

"தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"திரையில உன் நிழல் தெரிஞ்சுது. ஏதோ வேலையா நிக்குறா, தானா கூப்பிடுவான்னு விட்டுட்டேன். நானும் திரும்பியிருக்கலாம்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அள்ளினோம்.

"நான் ஒன்பது வருஷம் பத்திரிகைல இருந்தேன்" என்றார். "போலீஸ் செய்தி. ஒரு ஆள் செத்தா வயசு, தொழில், எங்க குத்து, எத்தனை குத்து. எட்டு வரிக்குள்ள. ஒருத்தர்கூட காலைல என்ன சாப்பிட்டாங்கன்னு நான் எழுதினதில்ல. கேட்டதுமில்ல." மண்வெட்டியின் நுனியைப் படியில் தட்டினார். "இவளுக்காவது அரிசி உருண்டைய எழுதலாம்னு பாத்தேன். இப்போ இவளும் ஒரு வரி."

ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன்.

"எங்க வகுப்புல மொரிதே நானாவோன்னு ஒரு பொண்ணு இருந்தா. ரெண்டாவது வருஷம், ரத்த வகை பாக்கற ஆய்வு. அவ பிறந்ததுலேர்ந்து பி. ஆனா 'ஏ'ன்னு வந்துச்சு. மூணு தடவை பண்ணிப் பாத்தா. மூணு தடவையும் ஏ. உக்காந்து அழுதா."

"எப்படி?"

"பிறந்த அன்னிக்கே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பாப்பாங்க. குழந்தை ரத்தத்துல அடையாளம் இன்னும் சரியா வந்திருக்காது. அம்மாவோட ரத்தமும் கலந்திருக்கும். அம்மா 'பி'யா இருந்தா சில சமயம் 'பி'ன்னு காட்டிரும். ஆஸ்பத்திரில ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருவாங்க. அதையே நம்பி வளந்துருவாங்க. அந்தக் காலத்துல அப்படி நிறைய..."

நிறுத்தினேன். அவர் அள்ளுவதை நிறுத்தியிருந்தார்.

"அப்போ அவ பி இல்ல" என்றார்.

"யாரு, மொரிதேவா?"

"ஷிசுரு. அவ 'ஏ'தான். ஆனா அவளுக்கே தெரியாது. கையேட்டுல இருக்கிறது அவ சொல்லிக்கிறது. தப்பில்ல. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"ஆமா" என்றேன். "குசேவுக்கும் தெரியாது."

"குசே அவகூட எட்டு வருஷமா வேலை பாக்கறவன். அவ 'பி'ன்னு அவனுக்குத் தெரியும். நாம ரெண்டு பேரும் பி, அதான் நம்மகூட யாரும் சாப்பிட வரமாட்டேங்கறாங்கன்னு கிண்டல் பண்ணியிருப்பான். கை அறுபட்டு மேசைல ரத்தம். அவன் என்ன நினைப்பான்?"

"அவளோட ரத்தமும் பி. எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்னு."

"அதான் துடைக்கல" என்றார். பிறகு இன்னொரு தடவை, குரல் மாறி, "அதான் துடைக்கல!"

மண்வெட்டியைப் பனியில் நட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். பாதி வாசலை நான் தனியாக அள்ளினேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

நான் மேலே போனபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார். தொதோரோக்கி விஷயத்தைக் கேட்டு வாயில் வைத்த வறுத்த கோழியோடு நின்றான்.

"ஒரு நிமிஷம். முப்பத்தொரு வயசு. ஒரு தடவைகூட ரத்த தானம் பண்ணலையா? பண்ணியிருந்தா சரியான வகை அங்கயே தெரிஞ்சிருக்குமே?"

ஹதகெயாமா சானின் விரல்கள் நின்றன. அவர் கையேட்டை எடுத்து ஷிசுருவின் பக்கத்தைத் திருப்பினார். மெதுவாக எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பிடிக்காதது: ஊசி.

"இது யாரு எழுதினது?"

"அதுவும் நான்தான்" என்றேன். "எனக்குப் பிடிக்காது. அதான்."

தொதோரோக்கி இரண்டு கைகளையும் தூக்கினான். "அம்மா தாயே. இனிமே எல்லாக் கட்டத்தையும் நீயே எழுது."

இனாகாகி சான் வெளியீட்டாளரிடம் பேசினாள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குள் ஆடிப் பார்த்துச் சரியாக இருந்தால் வழக்கு இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வரி என்றார்கள். போனை வைத்துவிட்டு இன்னொரு எண்ணைச் சுழற்றினாள். "அம்மா? நான்தான். நான் 'ஏ'ன்னு உனக்கு எப்படித் தெரியும்? இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன். சீட்டு இருக்கா?" அன்று மதியம் அலுவலகத்தில் நான்கு பேர் வீட்டுக்குப் பேசினார்கள். தொதோரோக்கி பேசவில்லை. தான் ஓ என்றும், ஓ இல்லாமல் வேறு எதுவும் தனக்குப் பொருந்தாது என்றும் சொல்லிவிட்டான்.

குரல் இல்லாத இடங்களாகப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. தானியங்கி இயந்திரத்தில் குசே இரண்டு காபி டப்பா எடுக்கும் காட்சியில் நான்கு வரி. 'நாம ரெண்டு பேரும் பி. தனியாத்தான் குடிக்கணும்.' கடைசியில் குசே மாட்டிக்கொள்ளும் இடம்: 'அது அவ ரத்தம். அவ பி, ஊருக்கே தெரியுமே.' துப்பறிபவர்: 'நீங்களும் பி. அவங்க ஏ.' திரைப்பெட்டிக்குள் ஒரு நேரத்தில் மூன்று வரிதான் அடங்கும். ஹதகெயாமா சான் எழுத எழுத நான் எண்ணிச் சொன்னேன்.

நாலரை மணிக்கு ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. செத்தவள் ஏ என்று மருத்துவர் சொன்னதும், பிணம் வேறு யாருடையதோ என்று ஆடுபவருக்குச் சந்தேகம் வரும். அதைத் தீர்க்கத் துப்பறிபவர் ஷிசுருவின் அம்மாவுக்குத் தொலைபேசி செய்வார். பிறந்தபோது எப்படி வகை பார்த்தார்கள் என்று கேட்பார். அம்மா பி என்பது தெரியவரும். பிறகு அவர் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்வார். அதற்கு அம்மா ஏதாவது பதில் சொல்ல வேண்டும்.

காலையில் ஷிசுரு எடுக்காமல் விட்ட தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் இருந்தது இவள்தான்.

ஹதகெயாமா சான் ஐந்து தடவை எழுதி அழித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இதை நீ எழுது, நாகுமோ சான்."

"எனக்கு எழுத வராது."

"எனக்குச் செத்தவங்க வீட்ல கேள்வி கேட்டுத்தான் பழக்கம். அவங்க சொன்னதை நான் எட்டு வரியில வெட்டிருவேன். நீ உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. அவர் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

என் அம்மா என்ன சொல்வாள் என்று யோசித்தேன். நான் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்போதெல்லாம் அவள் அப்பாவிடம் சொல்வாள், அவளை ஒண்ணும் சொல்லாத, என்னை மாதிரி, பி. மன்னிப்பது போலவும் இருக்கும், கொஞ்சம் பெருமை போலவும் இருக்கும்.

எழுதினேன். இரண்டு பெட்டி. முடித்ததும் எழுந்து என் இடத்துக்கு வந்துவிட்டேன். அவர் வந்து படித்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் சேமிக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். நான் ஆட, தொதோரோக்கி குறித்துக்கொண்டான். பின்னால் இனாகாகி சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஷிசுரு எழுந்தாள். பல் தேய்த்தாள். நின்றபடி அரிசி உருண்டை தின்றாள். தொலைபேசி அடித்தது. இத்தனை நாளும் நான் உடனே ஓடும் பொத்தானை அழுத்திவிடுவேன். அன்று எட்டு தடவை அடிக்கும்வரை விட்டேன்.

"நேரமாகுது" என்றாள் இனாகாகி சான். ஆனால் அதட்டவில்லை.

காபி டப்பா. இருட்டறை. கதவு. நான்தான் திறந்தேன்.

பதினோரு மணி பத்துக்குத் துப்பறிபவர் ஷிசுருவின் அம்மாவுக்குத் தொலைபேசி செய்தார். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். திரையின் கீழே பெட்டி திறந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'அப்போ அன்னிக்கு அவங்க பாத்தது என் ரத்தமா?'

பொத்தானை அழுத்தினேன்.

'அவ பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் என்கிட்டேர்ந்து வந்ததுன்னு விட்டுக்குடுத்தேன். இல்லையா. அது அவளோடதேதானா.'

அடுத்த பெட்டிக்குப் போக அம்புக்குறி மூலையில் மினுங்கியது. நான் அழுத்தவில்லை. தொதோரோக்கியின் மடியில் பிரித்த சிப்ஸ் பொட்டலம் இருந்தது. கை அதற்குள்ளேயே இருந்தது.

"எழுத்து எல்லாம் உள்ள அடங்குதா?" என்றாள் இனாகாகி சான், கொஞ்ச நேரம் கழித்து.

"அடங்குது" என்றேன்.

"அப்போ போ. பன்னண்டுக்குள்ள குசேவைப் பிடிக்கணும்."

பதினொன்று நாற்பதுக்குப் பிடித்தோம். அவள் போன் பேசப் போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் உயர்ந்து, தாழ்ந்து, பிறகு சிரித்தது. வழக்கு இருக்கிறது.

மாலையில் பிழைப் பட்டியலைக் கட்டி அலமாரியில் வைக்க எடுத்தேன். 212க்கு எதிரே 'அப்படித்தான்' என்பதை ஹதகெயாமா சான் கோடு போட்டு அடித்திருந்தார். பக்கத்தில், 'சரிசெய்தாயிற்று.' சரிசெய்தவர் பெயர் எழுதும் கட்டத்தில் என் பெயர் இருந்தது.

கட்டுவதற்கு முன் ஒரு தடவை விளையாட்டைப் போட்டேன். பிழை பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. காலை ஏழு மணி. ஷிசுரு எழுந்தாள். பொத்தானை வேகமாக அழுத்தவில்லை.